கோடை விடுமுறையும் விஞ்ஞான மாணவரும்



கோடை விடுமுறை என்றால் பிற ஊர்ப் பிள்ளைகளுக்கு மாமன் வீடு நினைவுக்கு வரும். உதகையும் ஏற்காடும் நினைவுக்கு வரும். நம் திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது பனியன் கம்பெனி. மேல்நிலைப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகளுள் பலர், ஆண்டுத் தேர்வின் கடைசித் தாளை எழுதிய மறுநாள் காலையிலேயே சாப்பாட்டுத் தூக்குடன் கம்பெனி வாசலில் நிற்பார்கள். ஒருவர் கைமடிப்பார், ஒருவர் செக்கிங் மேசையில் பிசிறு வெட்டுவார், ஒருவர் அயர்ன் மேசைக்குத் துணி எடுத்துக் கொடுப்பார். சனிக்கிழமை இரவு சம்பளக் கவரைத் தாயின் கையில் கொடுக்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிறைவு தோன்றும். அதனைக் குறைத்துப் பேச நான் இங்கு வரவில்லை. அந்தக் கவரினால் தங்கையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிய வீடுகளை நான் அறிவேன்.

ஆயினும், விஞ்ஞானம் பயிலும் கல்லூரி மாணவர்க்கு அந்த இரண்டு மாதங்களில் வேறொரு வழியும் உண்டு. நாட்டின் ஆராய்ச்சி நிலையங்களுள் ஒன்றில், ஒரு விஞ்ஞானியின் பக்கத்தில் இருந்து, அவர் செய்யும் வேலையில் ஒரு சிறு பகுதியைத் தானும் செய்து பழகும் வழி அது. அவ்வழியைத் தெரிந்து விலக்கியவர்களைவிடத் தெரியாமல் இழந்தவர்களே மிகுதி. தெரியாதவர் வரிசையில் மாணவர் மட்டும் இல்லை, ஆசிரியரும் உண்டு. நானும் அவ்வரிசையில் இருந்தவன்தான். என் அறியாமையால் ஒரு மாணவனுக்கு நேர்ந்ததைச் சிறிது பொறுத்துச் சொல்கிறேன். முதலில் இக்கோடைப் பயிற்சி என்பது யாது என்று பார்ப்போம்.

கல்லூரி வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கிறார். விடை புத்தகத்தில் இருக்கிறது. சோதனைச் சாலையிலும் அப்படியே. உப்பை ஆராய்ந்து சொல் என்கிறார்; அது இன்ன உப்பு என்பது அவருக்கு முன்பே தெரியும். ஆராய்ச்சி நிலையத்தில் நிலைமை வேறு. அங்கே கேள்வி கேட்டவருக்கே விடை தெரியாது. விடை தெரியாத கேள்வியோடு இரண்டு மாதம் பழகுவதுதான் கோடை ஆராய்ச்சி. அதனால் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் உடனே விளைந்துவிடாது. ஆனால் தான் எதற்கு ஏற்றவன், எதற்கு ஏற்றவன் அல்லன் என்பது மாணவனுக்கு விளங்கிவிடும்.

இதற்குச் சான்றாக நம்மவர் ஒருவரின் கோடையைச் சொல்லலாம். 1928ஆம் ஆண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்றுகொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு அப்போது வயது பதினேழு. அவ்வாண்டு பிப்ரவரி 28ஆம் நாள்தான் அவருடைய சிற்றப்பா சர் சி. வி. ராமன், கல்கத்தாவில் தம் பெயரால் இன்று வழங்கும் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டிருந்தார். அந்தக் கோடை விடுமுறையைச் சந்திரசேகர் கல்கத்தாவிலே, ராமனின் ஆய்வுக்கூடத்திலே கழித்தார். ராமனோடு சேர்ந்து உழைத்த கே. எஸ். கிருஷ்ணனோடு அங்கே பழகினார். ஆனால் ஒன்று: கருவிகளைக் கையாளும் சோதனை வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. தம் மனம் கணக்கையும் கொள்கையையும் நாடுவது என்பதை அவர் அங்கே நன்கு உணர்ந்துகொண்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் அந்தக் கோடை தோல்வியே. ஆனால் அவ்வாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய விஞ்ஞானி சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவர் தங்கியிருந்த விடுதிக்கு அந்த மாணவர் தாமே சென்று பேசினார். தாம் படித்திருந்த சாமர்ஃபெல்டின் நூலுக்குப் பிறகு அணுவைப் பற்றிய கொள்கை அடியோடு மாறிவிட்டது என்பதை அந்த நூலாசிரியர் வாயாலேயே கேட்டார். வேறொருவராயின் மனம் உடைந்திருப்பர். இவரோ, சாமர்ஃபெல்ட் கொடுத்த அச்சுப் படிகளை வாங்கிப் படித்து, சில மாதங்களில் தாமே ஒரு கட்டுரை எழுதினார். அது 1929ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளியாயிற்று. அப்போதும் அவர் பட்டம் பெறாத மாணவரே. விண்மீன்களின் அமைப்பையும் பரிணாமத்தையும் பற்றிய ஆராய்ச்சிக்காக 1983ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஒரு கோடையில் தமக்கு எது வராது என்று அறிந்ததும், அதை அறிந்தபின் சோர்ந்து உட்காராமல் வேறு வாயிலைத் தட்டியதும் அவருக்கு உதவின என்றே நான் கருதுகிறேன்.

'அவருக்குச் சிற்றப்பா ராமன். எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. அன்று உறவினாலும் அறிமுகத்தினாலும் திறந்த கதவு, இன்று விண்ணப்பத்தினால் திறக்கிறது. இதுதான் இந்த நூறாண்டுக் காலத்தில் நேர்ந்த பெரிய மாறுதல்.

ராமன் 1934ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாதமி, புதுதில்லியிலுள்ள இந்தியத் தேசிய விஞ்ஞான அகாதமி, பிரயாக்ராஜிலுள்ள தேசிய விஞ்ஞான அகாதமி ஆகிய மூன்றும் சேர்ந்து பல்லாண்டுகளாகக் கோடை ஆராய்ச்சி உதவித் திட்டம் ஒன்றை நடத்திவருகின்றன. மாணவரும் ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். தேர்வு பெற்றவர் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் இருந்து வேலை செய்வார். மாத உதவித்தொகையும் ரயில் கட்டணமும் கிடைக்கும். பெங்களூரில் 1989ஆம் ஆண்டில் தோன்றிய ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையமும், 1945ஆம் ஆண்டில் ஹோமி பாபா தொடங்கிய, பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் தனித்தனியே இத்தகைய பயிற்சிகளை நடத்துகின்றன. சென்னைத் தரமணியில், 1962ஆம் ஆண்டில் அல்லாடி இராமகிருஷ்ணன் முயற்சியால் தோன்றிய கணித விஞ்ஞான நிலையத்திலும் கோடையில் மாணவர்க்கு இடம் உண்டு. கணிதம் படிப்போர்க்கென, பேராசிரியர் எஸ். குமரேசன் 1993ஆம் ஆண்டில் தொடங்கிய கோடைப் பயிற்சி முகாம் இருக்கிறது. அங்கே மதிப்பெண் இல்லை, மனப்பாடமும் இல்லை. ஒரு தேற்றத்தைச் சொன்னால், 'ஏன் அப்படி?' என்று மாணவரையே கேட்டுக் கேட்டுச் சிந்திக்க வைப்பார்கள்.

மிகத் தொலைவு செல்ல வேண்டுவதும் இல்லை. பழநி மலைத்தொடரின் மேல் கோடைக்கானலில் 1899ஆம் ஆண்டில் ஏற்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் இன்றும் இயங்குகிறது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909ஆம் ஆண்டில் எவர்ஷெட் அங்கேதான் கண்டார். அதனை நடத்தும் இந்திய வானியல் பௌதிக நிலையம் கல்லூரி மாணவர்க்குக் கோடைப் பள்ளி நடத்துவது வழக்கம். காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்னையில் 1948ஆம் ஆண்டு முதல் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் பக்கத்துக் கோவையில் 1912ஆம் ஆண்டில் தோன்றிய கரும்பு இன விருத்தி நிலையமும், 1956ஆம் ஆண்டில் மில்காரர்கள் கூடி ஏற்படுத்திய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும், ஆனைகட்டியில் பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயர் தாங்கிய மையமும் இருக்கின்றன. திட்டம் என்று பெயர் வைத்து அறிவிக்காத இடங்களிலும், ஒரு விஞ்ஞானிக்கு முறையாகக் கடிதம் எழுதி, அவர் இசைந்தால் சில வாரம் வேலை பழகலாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒரு கார்த்திகை மாத மாலையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். கல்லூரியில் ரசாயனம் இரண்டாமாண்டு. தந்தை கட்டிங் மாஸ்டர். கையில் ஒரு விண்ணப்பத் தாள். நான் முன்பு சொன்ன வகையைச் சேர்ந்த ஒரு கோடைத் திட்டத்திற்குரியது அது. 'என்ன ஆராய்ச்சி செய்ய விரும்புகிறீர், ஏன்?' என்று அதில் ஒரு பகுதி இருந்தது. 'இதுல என்ன எழுதறதுன்னு தெரியலீங்கய்யா' என்றான். நான் தாளை வாங்கி மேலெழுந்தவாரியாகப் பார்த்துவிட்டு, 'தம்பி, இதெல்லாம் சென்னை, பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு வைத்தது. நீ பட்டத்தை ஒழுங்காக முடி. கோடைக்கு உன் அப்பாவோடு கம்பெனிக்குப் போ. வீட்டுக்கு உதவியாக இருக்கும்' என்றேன். அறிவுரை சொன்ன திருப்தியும் எனக்கு இருந்தது. 'சரிங்கய்யா' என்று தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். ஆசிரியர் சொல்லைத் தட்டாத பிள்ளை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு திருமணப் பந்தலில் அவனைக் கண்டேன். சாயப்பட்டறை ஒன்றில் நிறம் ஒத்துப் பார்க்கும் லேபில் பொறுப்பாளனாக இருந்தான். நல்ல சம்பளம், குறை ஒன்றும் இல்லை. சாப்பிட்டு வெளியே வந்தபின் தன் வேலையைப் பற்றிச் சொன்னான். லேபில் சில கிராம் துணிக்குச் சாயமிட்டால் சரியாக வரும் நிறம், பெரிய இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான கிலோவுக்கு இடும்போது சில நாள் சற்றே மாறிவிடுகிறது. எந்தெந்த நாளில் மாறுகிறது என்று அவன் இரண்டு ஆண்டாக ஒரு நோட்டில் குறித்து வந்திருக்கிறான். அன்று பயன்பட்ட நீர் எங்கிருந்து வந்தது, அதன் கடினத்தன்மை எவ்வளவு, வெப்பம் ஏறிய வேகம் என்ன, துணி எந்த நூலில் நெய்யப்பட்டது என்று பத்தி பத்தியாகப் பிரித்து எழுதியிருக்கிறான். யாரும் அவனை எழுதச் சொல்லவில்லை. 'தண்ணிதான் காரணம்னு எனக்குத் தோணுதுங்கய்யா. ஆனா அதை எப்படி நிரூபிக்கறதுன்னு தெரியலை. அதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமப் போச்சுங்க' என்றான்.

அவன் என்னைக் குறை கூறவில்லை. அன்று மாலை நடந்தது அவனுக்கு நினைவிருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு நினைவு வந்தது. அந்தத் தாளை நான் முழுவதும் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அதில் உதவித்தொகை உண்டா, எங்கே போக வேண்டும், எத்தனை நாள் என்று எதையும் பாராமலே, 'இது உனக்கில்லை' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஆராய்ச்சியாளனுக்கு வேண்டிய குணங்கள் எல்லாம் அந்தப் பையனிடம் இருந்தன. இல்லாதது, அவற்றை எப்படி ஆள்வது என்று இரண்டு மாதம் உடனிருந்து காட்ட ஒருவர். அந்த ஒருவரிடம் அவன் போகாதபடி வழியை மறித்து நின்றவன் நான்.

ஆகையால் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஒரு தாளோடு வந்தால், முதலில் அதனைப் படியுங்கள். படித்தபின் வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனிக் கூலியைப் பற்றிப் பேச வேண்டும். அதைப் பேசாமல் விட்டால் இந்தப் பேச்சு நம் ஊருக்குப் பொருந்தாத பேச்சாகிவிடும். அந்தத் திருமணத்திற்குப் பிறகு, செக்கிங் வேலை செய்யும் அம்மையார் ஒருவரின் மகள் இதே போன்ற ஒரு திட்டத்திற்கு விண்ணப்பித்தாள். முதலாண்டு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு கிடைத்தது. தாய் என்னிடம் வந்தார். 'புள்ள போகட்டும்னு ஆசைதானுங்க. ஆனா ரெண்டு மாசக் கூலியை விட்டுட்டு இருக்க முடியுங்களா ஐயா?' என்றார். நான் இம்முறை அறிவுரை சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். ஒரு பக்கம் எட்டு வாரக் கம்பெனிக் கூலி. அதில் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் போவது. மறுபக்கம் உதவித்தொகை, ரயில் கட்டணம். அதில் தங்குவதற்கும் உண்பதற்கும் ஆவது. இருவரும் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். துண்டு விழத்தான் செய்தது. ஆனால் தாய் அஞ்சியிருந்த அளவுக்கு விழவில்லை. 'இவ்வளவுதானுங்களா? இதை நான் தீபாவளி போனஸ்ல கட்டிக்குவேன்' என்றார் அவர்.

எல்லா வீட்டிலும் கணக்கு இப்படி முடியும் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்காமலே 'முடியாது' என்று முடிவு செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். தங்குமிடம் நிலையத்திலேயே கிடைக்குமா என்பதை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. உதவித்தொகை கைக்கு வரச் சில வாரம் ஆகலாம்; முதல் மாதச் செலவுக்குத் தனியே ஏற்பாடு வேண்டும். மற்றொன்றும் சொல்ல வேண்டும். பயிற்சி என்ற பெயரில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, சில நாளில் சான்றிதழ் அச்சிட்டுத் தரும் இடங்களும் இன்று மலிந்துவிட்டன. நல்ல நிலையங்கள் பெரும்பாலும் மாணவனுக்குக் கொடுக்குமேயன்றி அவனிடம் வாங்குவதில்லை. காசு கேட்கும் இடத்தில் பத்து முறை விசாரியுங்கள்.

அந்தப் பெண் போய்வந்து என்ன கற்றாள் என்று கேட்பீர்கள். முதல் நான்கு வாரம் அவள் செய்த சோதனை ஒருநாளைப் போல் ஒருநாள் வரவில்லை. அழுதுவிட்டாளாம். ஐந்தாம் வாரம் காரணம் தெரிந்தது. குடுவைகளைக் கடைசியாக அவள் குழாய் நீரில் அலசியிருக்கிறாள்; அந்நீரிலிருந்த உப்புகள் சோதனையைக் கெடுத்திருக்கின்றன. அதன் பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசினாள். சோதனை ஒழுங்காக வந்தது. அவளுடைய பேராசிரியர் அந்த நான்கு வாரக் குறிப்புகளைக் கிழிக்க விடவில்லையாம். 'தவறு எப்படி நேர்ந்தது என்பதும் ஆராய்ச்சிக் குறிப்புதான்' என்றாராம். 'தப்பா வந்தா மறைக்கக் கூடாதுன்னு கத்துக்கிட்டேனுங்கய்யா' என்று அவள் என்னிடம் சொன்னாள். முப்பது ஆண்டு பாடம் நடத்திய நான் அந்த ஒன்றை என் மாணவர்க்குச் சரியாகக் கற்பித்தேனா என்று எண்ணிப் பார்த்தேன்.

இனி, விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்ற கேள்வி. அன்று அந்தப் பையனுக்கு நான் சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். 'எனக்குச் சிறுவயது முதலே விஞ்ஞானத்தில் மிகுந்த ஆர்வம் உண்டு' என்று தொடங்காதீர்கள். ஆயிரம் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். உங்களிடம் உள்ள கேள்வியை எழுதுங்கள். திருப்பூரில் பிறந்தவனுக்குக் கேள்விக்கா பஞ்சம்?

ஒன்று காட்டுகிறேன். பருத்திப் பின்னலாடைக்கு இப்போது பெரும்பாலும் இடுவது ரியாக்டிவ் சாயம். நீரில் நனைந்த பருத்தி நாரின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் உடையது. சாய மூலக்கூறும் எதிர்மின்னூட்டம் உடையது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை நாரிடம் சேர்ப்பதற்காகவே சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். பிறகு சலவைச் சோடாவைச் சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தியதும் சாயம் நாரோடு பிணைந்துகொள்கிறது. வெளிர் நிறத்துக்கு உப்புக் குறைவு. கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம், 100 கிராம் வரையும் இடுவதுண்டு. கடல்நீரில் உள்ள உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம்தான். அப்படியானால் ஓர் அடர்ந்த நிறத் தொட்டி கடலைவிட இருமடங்குக்கு மேல் உவர்ப்பானது. அந்த உப்பில் துணியோடு தங்குவது எவ்வளவு? ஒன்றும் இல்லை. கூடிவந்த வேலை முடிந்ததும் முழுவதும் கழிவு நீரோடு வெளியேறிவிடும்.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யல் கெட்டதும், 1992ஆம் ஆண்டில் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பயிருக்கு ஆகாமற் போனதும் இதனால்தான். 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையால் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஊரே திகைத்து நின்றது. அதன் பின்னர்க் கழிவு நீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி நன்னீரைப் பிரித்தும், எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பை மீட்டும் மறுபடி பயன்படுத்தும் முறை நிலைபெற்றது. ஆயினும் கதை முடியவில்லை. மீளாது எஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது? காய்ச்சுவதற்கு ஆகும் விறகையும் மின்சாரத்தையும் எப்படிக் குறைப்பது? உப்பே இல்லாமல் சாயமிட முடியாதா? முடியும் என்றால் பருத்தி நாரின் மின்னூட்டத்தை முன்பே மாற்ற வேண்டும். அதைக் குறைந்த செலவில் எப்படிச் செய்வது? உலகெங்கும் விஞ்ஞானிகள் இவற்றை ஆராய்கிறார்கள். நீங்களோ இக்கேள்விகளின் நடுவே குடியிருக்கிறீர்கள்.

ரசாயனம் படிப்பவனுக்கு இது. விலங்கியல் படிப்பவளுக்கு நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்ற அக்குளத்தில் எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது என்று ஓராண்டு எண்ணிப் பார்த்தவளை எந்தப் பறவையியல் நிலையமும் வரவேற்கும். பௌதிகம் படிப்பவன், கம்பெனியின் கூரைக்கடியில் சித்திரை மாத வெப்பத்தை மணிக்கு மணி அளந்து பார்க்கலாம். 'எங்கள் ஊரில் இதைக் கண்டேன், இவ்வளவு அளந்தேன், இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை, உங்களிடம் கற்க விரும்புகிறேன்' என்று நான்கு வரி எழுதுங்கள். பிழை இருந்தாலும் உங்கள் சொல்லாக இருக்கட்டும். பிறர் எழுதிக் கொடுத்ததையோ, கணிப்பொறி எழுதிக் கொடுத்ததையோ அனுப்பாதீர்கள். தேர்ந்தெடுப்பவர்கள் தேடுவது அழகான வாக்கியத்தை அன்று. கேள்வி கேட்கும் மனத்தை.

இன்னொரு செய்தி மிக முக்கியம். கோடைக்கு விண்ணப்பிக்கும் காலம் கோடை அன்று. பெரும்பாலான திட்டங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை முதல் தை, மாசி வரையிலான மாதங்களில் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பரீட்சை முடிந்தபின் நினைத்துக்கொண்டால் கதவு மூடியிருக்கும். ஒவ்வோராண்டும் தேதியும் தகுதியும் மாறக்கூடும். ஆகவே அந்தந்த நிலையத்தின் அறிவிப்பையே பாருங்கள். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருக்கும். அதைக் கடைசி நாளில் போய்க் கேட்காமல், மூன்று வாரம் முன்னதாகவே கேளுங்கள்.

இதனால் பிழைப்புக்கு என்ன வழி என்று வீட்டில் கேட்பார்கள். பட்டப் படிப்புக்குப் பின் மேலே படிக்க விரும்புவோர், ஆண்டுதோறும் நடக்கும் ஜாம் தேர்வை எழுதி ஐ.ஐ.டி.க்களில் முதுகலை சேரலாம். பின்னர்த் தேசியத் தகுதித் தேர்வில் வென்று, உதவித்தொகையோடு டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்குப் போகலாம். ஊரிலேயே வேலை தேடுவோர்க்கும் துணிப் பரிசோதனைக் கூடங்கள், சாய ரசாயனக் கம்பெனிகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் என்று விஞ்ஞானம் படித்தவர்க்கு இடங்கள் உண்டு. அங்கே இயந்திரத்தின் பொத்தானை அமுக்கத் தெரிந்தவர் பலர். காட்டும் எண் சரியா என்று ஐயப்பட்டு மீண்டும் அளந்து பார்ப்பவர் சிலர். அச்சிலருக்கே மேலே போகும் படி எளிதில் கிடைக்கிறது. ஆராய்ச்சியாளர் ஆகாதவர்க்கும் கோடைப் பயிற்சி வீணாவதில்லை.

கடைசியாக, எவ்வளவு கணக்குப் போட்டும் போக முடியாத பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். இதை நான் மறந்தால் மீண்டும் பழைய தவற்றையே வேறு விதமாகச் செய்தவன் ஆவேன். சந்திரசேகரின் சிற்றப்பா என்று சொன்னேனே, அந்த ராமன் 1907ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகத்துக்குப் போனவர். விஞ்ஞானத்தில் அவருக்கு அப்போது வேலை கிடைக்கவில்லை. பகலெல்லாம் அலுவலகத்தில் கணக்கு. காலையிலும் இரவிலும் அவ்வூர் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி. இப்படிப் பல ஆண்டு. 1917ஆம் ஆண்டில்தான் அவர் பேராசிரியர் ஆனார். 1930ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

ஆகவே, இந்தக் கோடையில் கம்பெனிக்குத்தான் போக வேண்டும் என்றால் போங்கள். ஆனால் நாற்பது பக்க நோட்டு ஒன்றைச் சாப்பாட்டுத் தூக்கோடு எடுத்துச் செல்லுங்கள். கண்டதைத் தேதியிட்டு எழுதுங்கள். அளக்கக் கூடியதை அளந்து எழுதுங்கள். வரும் கார்த்திகையில் விண்ணப்பத் தாள் கைக்கு வரும்போது, 'என்ன எழுதுவது?' என்று யாரையும் கேட்க வேண்டியிராது. அந்த நோட்டைத் திறந்தால் போதும்.

அப்படி ஒரு நோட்டோடு வருகிற பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அதன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்க்க இந்த ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். தேடிப் போய்க் கேளுங்கள்.